பிரசவமான வீட்டுக்கு உதவி: எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்தும் சிலர் மட்டுமே வருவது ஏன்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, பிரசவமான வீடுகளுக்கு உதவ ஒரு குழு நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பத்து நாள் சாப்பாடு, ஒரு வாட்ஸ்ஆப் குழு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை தாய்ப்பால் பற்றிய சந்திப்பு. யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் செய்கிறோம், ஆனாலும் ஐடி வேலையில் இருக்கும் தம்பதிகள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் தமிழ்தான், அவர்களுக்கும் குழந்தை பிறக்கிறது, ஒருவர்கூட வந்ததில்லை, அவர்களையும் சேர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்களை எப்படி அழைப்பது என்பதைவிட, நீங்கள் செய்யும் உதவி யாரை மனதில் வைத்து உருவானது என்பதுதான் இதில் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. நீங்கள் சொன்ன மூன்றையும் பயன்படுத்த ஒரு பெண்ணுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள். சனிக்கிழமை மாலை ஓய்வு இருக்க வேண்டும். கையில் சொந்தப் போன் இருக்க வேண்டும். சம்பளம் நிற்காத விடுப்பு இருக்க வேண்டும். பத்து நாள் சாப்பாடு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ வந்து தங்க ஓர் அறை இருக்க வேண்டும். இவை இருக்கும் குடும்பத்துக்கு உங்கள் உதவி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. இல்லாதவர்களை நீங்கள் யாரும் விலக்கவில்லை, ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்ளும்படி அதில் எதுவும் இல்லை.

நான் செவிலியர். பெங்களூரில் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியிலும், பிறகு வீடு வீடாகப் போகும் நகர்ப்புற சுகாதாரப் பணியிலும் வேலை பார்த்தவள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும் வீட்டு வேலைக்கும் வந்த குடும்பங்களோடுதான் என் பெரும்பாலான வருடங்கள் போயின. இப்போது உங்களைப் போன்ற குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை. மருந்து பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், சட்டம் பற்றிச் சொல்வது வேலையில் தேவைப்பட்ட அளவுக்குத் தெரிந்துகொண்டது.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பிரசவத்துக்குப் பிறகு வரை பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யாருக்கு அது வந்தது என்று பார்த்தபோது ஐந்து விஷயங்கள் மேலே வந்தன. வருமானம் குறைவு, பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நடந்த துக்கம் அல்லது நெருக்கடி, வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதது. இந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் பயிற்சிக்கு வருபவர்களிடம் அழுத்திச் சொல்வேன். அதே வருடம் கோவாவில் வெளியான ஆய்வில் குழந்தை பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் 23 சதவீதப் பெண்களுக்கு மனச்சோர்வு இருந்தது, அவர்களில் பெரும்பாலோர் கர்ப்பமாக இருந்தபோதே மனதளவில் தளர்ந்திருந்தவர்கள். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரையும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் சொன்னது, 22 சதவீதம். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுமையும் தனிமையும் சேரும் இடத்தில் பாதிப்பு கூடும் என்பதில் இந்த ஆய்வுகளுக்குள் பெரிய சண்டை இல்லை.

இதிலிருந்து உங்கள் குழுவுக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, குழந்தை பிறந்த பிறகு போய்க் கதவைத் தட்டினால் தாமதம். ஏழாம் மாதம், வளைகாப்புச் சமயத்திலேயே ஒருவர் அந்தப் பெண்ணோடு பேச ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டாவது, பேச்சும் ஆலோசனையும் தேவைதான், ஆனால் அதற்கு முன்னால் கைவேலைக்கு ஆள் வேண்டும். துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க, மூத்த குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப் போக, ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ள. தூங்காத பெண்ணிடம் தாய்ப்பாலின் மகிமையை எவ்வளவு நல்ல தமிழில் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

சர்ஜாபூர் சாலைக்குப் பின்னால், சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீடுகளில் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் சேலையில் கட்டிய தூளி. சிசேரியன் ஆகிப் பதினெட்டு நாள். டிஸ்சார்ஜ் தாளில் கனமானது தூக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, கன்னடத்தில் வாயால் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை விடியற்காலையில் தண்ணீர் வரும், தெருக்கோடிக் குழாயில் பிடிக்க வேண்டும். கணவர் கான்கிரீட் வேலைக்கு ஐந்தரைக்கே வண்டியேறிவிடுவார். வாசலில் ஐந்து குடம் நிரம்பியிருந்தது. "தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேம்மா" என்று கேட்டேன். "நான் தூக்காம வேற யாரு சிஸ்டர் தூக்குவாங்க?" என்றார். ஏழு வயது மூத்த பெண் பள்ளிக்குப் போகாமல் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த மாதமே அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார், ஏனென்றால் இரண்டு வீடுகளில் "அடுத்த வாரமும் வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கும்போது பால் கட்டி ரவிக்கை நனையும் என்று உள்ளே பழைய துணியை நான்காக மடித்து வைத்துக்கொண்டு போனார். பகலில் குழந்தைக்குப் பாக்கெட் பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். அவரிடம் யாரும் தாய்ப்பாலின் அருமையைச் சொல்லாமல் இல்லை. அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

விடுப்பு யாருக்கு உண்டு என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம். 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே தொடர்கிறது. கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பெண்ணுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்து, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் அவருக்கும் 26 வாரத்துக்கான தொகை கிடைக்கும். ஒப்பந்ததாரர் மாறியதாலோ நடுவில் வேலையை விட்டுச் சேர்ந்ததாலோ அந்த 70 நாள் குறைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கர்ப்பம் தெரிந்த உடனே இந்தக் கணக்கைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் காலை ஏழரைக்குக் காலிங்பெல் அடிக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒரு வீடு நிறுவனம் ஆகாது. அவருக்கு முதலாளி நாலு பேர், நாலு பேரில் ஒருவருக்கும் சட்டப்படிக் கடமை இல்லை. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 ரூபாய் உண்டு. அங்கன்வாடியில் பதிவு செய்து வாங்க வேண்டிய பணம் அது, விடாமல் வாங்கிக் கொடுங்கள். ஆனால் நின்றுபோன சம்பளத்துக்கு முன்னால் அது எத்தனை நாளுக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் உங்கள் குழுவிடம் நேராக ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் சேர்க்க நினைக்கும் பெண்களுக்கு நீங்கள் அண்டை வீட்டார் இல்லை, சம்பளம் கொடுப்பவர்கள். அதனால் உங்களால் செய்ய முடிவது வேறு எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் செய்ய முடியாதது: சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் அதே வேலை. உதாரணத்துக்கு ஒருவர் நாலு வீட்டில் வேலை செய்து ஒவ்வொன்றிலும் மாதம் 3,000 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். மூன்று மாதத்துக்கு 36,000. நாலு வீடுகளும் அவர் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுக்கட்டும். அந்த மூன்று மாதம் மாற்றாக வரும் பெண்ணின் சம்பளத்தை அறுபது வீடுகள் பகிர்ந்துகொண்டால் வீட்டுக்கு 600 ரூபாய், அதுவும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து. மாற்றாக வருபவரிடம் இது இத்தனை மாதத்துக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு பெண்ணுக்கு நல்லது செய்யப்போய் இன்னொரு பெண்ணின் வயிற்றில் அடித்ததாகிவிடும். இதைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு வீட்டின் இரக்கத்தையும் நம்பி விட்டால், நல்ல முதலாளி அமைந்த பெண்ணுக்குக் கிடைக்கும், மற்றவளுக்குக் கிடைக்காது.

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகும் இரண்டு சின்ன விஷயம் செய்யலாம். பால் பீய்ச்சி எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, அதை வைக்க உங்கள் ஃபிரிட்ஜில் ஓர் இடம். பீய்ச்சிய பால் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் அறை வெப்பத்தில் சுமார் 4 மணி நேரம் இருக்கும், ஃபிரிட்ஜில் இன்னும் அதிகம். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அவர் பால் பாட்டிலை வைக்க முகம் சுளிப்பவர்கள் குழுவில் இருக்கிறார்களா என்று மனதைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், சாப்பாட்டு டப்பா அனுப்புவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியது அதுதான்.

சாப்பாடு பற்றியும் அதே அக்கறையோடு சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ரசம், பருப்புத் துவையல், பூண்டுக் குழம்பு, பாலக் கீரை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல உணவுதான். ஆனால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் பிரசவமான பெண்ணுக்குக் கருவாட்டுக் குழம்பும் சுறாப் புட்டும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்துத்தான் தேற்றுவார்கள். இரும்புச் சத்துக் குறைந்து, ரத்தம் போய், ஒடுங்கிப் போன பெண்ணுக்கு மீனும் முட்டையும் ஈரலும் மிகவும் தேவை. அதைச் சமைக்க மாட்டோம் என்றால் பரவாயில்லை, அவர் வீட்டிலேயே சமைத்துக்கொள்ளும்படி முட்டையும் மீனும் வாங்கப் பணம் கொடுங்கள். அதைவிட நல்ல வழி, சமைப்பவர் பட்டியலிலேயே எல்லாச் சமூகத்துப் பெண்களையும் சேர்ப்பது. இன்னார் வீட்டுச் சாப்பாடு இன்னாருக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது என்ற கணக்கு வாய்விட்டுச் சொல்லாமலே பல குழுக்களில் ஓடுகிறது. வாங்குபவருக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும், இரண்டாம் நாள் "வேண்டாம்க்கா, வீட்டுல இருக்கு" என்பார். ரம்ஜான் மாதத்தில் குழந்தை பெற்ற முஸ்லிம் பெண்ணிடம் நோன்பு வைக்கிறீர்களா, எந்த நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்று கேட்பதும் இதில் சேர்ந்ததுதான். பிரசவமானவருக்கும் பால் கொடுப்பவருக்கும் நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள், நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

மொழி விஷயத்தில் பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது தாயி கார்டு, அதாவது கர்நாடக அரசின் கர்ப்பிணிப் பதிவு அட்டை, கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான நடைமுறை. ஆனால் நம் பெண்கள் இங்கே பதிவு செய்துவிட்டு ஏழாம் மாதத்தில் செங்கத்துக்கோ ஊத்தங்கரைக்கோ அம்மா வீட்டுக்குப் போவார்கள், அல்லது அங்கே பெற்று முப்பதாம் நாள் இங்கே வந்துவிடுவார்கள். இரண்டு மாநிலத்துப் பதிவேட்டிலும் பெயர் இருக்கும், இரண்டு பக்கமும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ளது, ஆனால் அதற்கு அங்கே சீக்கிரமே பதிவு செய்து தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே இருந்துகொண்டு அதை நம்பியிருப்பவர்கள் கடைசியில் ஏமாந்து போகிறார்கள். உங்கள் குழுவில் கன்னடமும் தமிழும் தெரிந்த ஒருவர் ஏழாம் மாதத்திலேயே அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, பிரசவம் எங்கே, முதல் ஆறு வாரம் எங்கே, எந்த ஊர்ப் பதிவு, எந்த அங்கன்வாடி என்று பேசி முடித்துவிட்டால், பத்து நாள் சாப்பாட்டைவிட அது பெரிது. டிஸ்சார்ஜ் அன்று கூடப் போய் மாத்திரைகளை எப்போது எதற்கு என்று தமிழில் அட்டையிலேயே எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான்.

அம்மா வீடு இல்லாதவர்கள் எல்லா வருமானத்திலும் இருக்கிறார்கள், இதை மறக்க வேண்டாம். சாதி மாறிக் கல்யாணம் செய்து இரண்டு வீட்டாலும் கைவிடப்பட்டவர்கள் பெங்களூரில் ஏராளம், உங்கள் குடியிருப்பிலேயே இருப்பார்கள். இரண்டாம் கல்யாணத்தில் குழந்தை பெற்றவர், கணவர் விட்டுப்போன பெண், கல்யாணமாகாமல் பெற்றவர், தத்தெடுத்தவர், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்றவர், சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள். இவர்களில் யாரும் "அம்மா வந்திருக்காங்களா? மாமியார் எப்போ வர்றாங்க? குழந்தை யாரு ஜாடை?" என்ற கேள்விகளைத் தாண்டி உங்கள் சந்திப்புக்கு இரண்டாவது முறை வர மாட்டார்கள். நீதிமன்றங்கள் நம்மைவிட முன்னால் போயிருக்கின்றன. கல்யாணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலேயே குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் மணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தாலும் இரண்டாம் மணத்தில் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு உண்டு என்று தீர்ப்பு வந்தது. வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 2024-இல் விடுப்பு விதி வந்தது. தத்தெடுத்த தாய்க்கு உடலில் காயம் இல்லையே தவிர, தூக்கமின்மையும் பயமும் அப்படியே உண்டு, ஒரு வயதுக் குழந்தையாக இருந்தால் அந்தக் குழந்தைக்கு வீடு பழக எடுக்கும் நாட்களும் சேர்ந்துகொள்ளும். உங்கள் படிவத்தில் "கணவர் பெயர்" என்று இருக்கும் இடத்தில் "வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்" என்று மாற்றுங்கள். எல்லோராலும் பதில் எழுத முடியும்.

காது கேளாத தாய்மாரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. குழந்தை அழுவதை விளக்கு எரிந்தோ அதிர்ந்தோ தெரிவிக்கும் கருவிகள் கடைகளில் உண்டு. வாங்க முடியாதவர்கள் குழந்தையின் காலில் தன் கை படும்படி பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வார்கள். அவருக்கு உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் குரல் செய்தி அனுப்பாமல் எழுத்தில் அனுப்பினாலே போதும். அதே சமயம் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்குக் குரல் செய்திதான் வழி. ஒரே மாதிரி எல்லோருக்கும் அனுப்பினால் இவர்களில் ஒருவர் கட்டாயம் விடுபட்டுப் போவார்.

குழந்தையை இழந்தவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். குழந்தை இறந்து பிறந்தாலும், பிறந்து சில நாளில் போய்விட்டாலும், மூன்றாம் நாள் பால் கட்டும். ரத்தப்போக்கும் தையல் வலியும் எல்லோரையும் போல இருக்கும். அவர் வீட்டுக்கு மட்டும் யாரும் போக மாட்டார்கள், என்ன பேசுவது என்று தெரியாமல். போங்கள். சாப்பாடு கொண்டு போங்கள், குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசலாமா என்று கேளுங்கள், "சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2022-இலிருந்து இதற்காக 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு நீங்கள் எழுதும் தீர்மானத்திலும் இதைச் சேர்த்துவிடுங்கள்.

அப்பாக்களை எங்கும் விட்டுவிடுகிறோம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியார் வேலையில் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம், தினக்கூலிக்கு ஒன்றுமில்லை. குழந்தை பிறந்த வருடத்தில் பத்தில் ஒரு தகப்பனுக்கும் மனச்சோர்வு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் சொல்லியிருக்கிறார்கள். கான்கிரீட் போடும் கணவருக்கும் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியும், யாராவது ஒரு முறை சொல்லிக் கொடுத்தால். நான் போகும் வீடுகளில் கணவர் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போவேன், குழந்தையை அவர் கையில் கொடுத்துத்தான் பேச ஆரம்பிப்பேன். மாமியாரையும் எதிரியாக வைத்துப் பேச வேண்டாம். வீட்டில் ராத்திரி கண் விழிப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

மனநிலை பற்றிக் கேட்க பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-இலிருந்து உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது, தமிழிலும் சோதித்துச் சரிபார்த்த வடிவம் உண்டு. ஆனால் அது சல்லடைதான், அதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. எழுத்துக் கேள்வி பழகாத பெண்களிடம் நான் பேச்சாகவே கேட்பேன். குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? சாப்பிடப் பிடிக்கிறதா? யாரிடம் மனம்விட்டுப் பேசினீர்கள்? நம் பெண்கள் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். "மண்டை கனக்குது, நெஞ்சு படபடங்குது, பால் பத்தல" என்பார்கள். எடை நன்றாக ஏறும் குழந்தையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பால் பத்தவில்லை என்று அழுகிறவரை, பால் விஷயமாக மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதித்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசி நாள்கணக்கில் தூங்காமல் இருந்தாலோ அன்றே அழைத்துப் போக வேண்டும், அவரைத் தனியாக விடக் கூடாது.

சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுக்களில் சண்டை வருவது பெரும்பாலும் இவற்றில்தான். பூண்டும் வெந்தயமும் சுறாவும் பாலைக் கூட்டுமா என்பதற்கு அழுத்தமான ஆதாரம் கிடையாது. அடிக்கடி சரியாகச் சப்ப வைப்பதுதான் பாலைக் கூட்டும், அது உறுதி. நாற்பது நாள் வீட்டோடு இருக்கும் வழக்கம் மனச்சோர்வைத் தடுக்கிறதா என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள், முடிவுகள் ஒரே திசையில் இல்லை. பிடித்தவர்களோடு ஓய்வாக இருந்தால் நல்லது, பிடிக்காத இடத்தில் தீட்டு என்று மூலையில் உட்கார வைத்தால் அதே நாற்பது நாள் நரகம். அதனால் லேகியத்தையும் வேது பிடிப்பதையும் போய்க் கிண்டல் செய்ய வேண்டாம், ஆதரிக்கவும் வேண்டாம். ஆனால் சிலவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றக் கூடாது, மூக்கில் ஊற்றியது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். கழுதைப் பாலும் சர்க்கரைத் தண்ணீரும் ஆறு மாதத்துக்கு முன் கூடாது. தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணீர் மறுக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதலாக இருக்கும் காலம், அப்போது உடம்பை வறள விடுவது தவறு. ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமடிக்கும் தீட்டு, தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. 108 கூப்பிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் சிசேரியனும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம் என்று 2011-இலிருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது, அங்கே யாராவது பணம் கேட்டால் கூட ஒருவர் நின்று பேசினாலே பாதிச் சிக்கல் தீரும்.

சந்திப்பைச் சனிக்கிழமை மாலையிலிருந்து மாற்றி, வீட்டு வேலை முடிந்து அவர்கள் கிளம்பும் மதியம் இரண்டு மணிக்கு, கிளப் ஹவுஸில் இல்லாமல் லைன் வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியில் வைத்துப் பாருங்கள். கேட்டில் பையைச் சோதித்து, தனி லிஃப்டில் ஏறி வர வேண்டிய இடத்துக்கு ஓய்வு நேரத்தில் யாரும் வர விரும்ப மாட்டார்கள். என்ன உதவி வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்தில், பிரசவமாகி வேலைக்குத் திரும்பிய பெண்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும், வரும் நேரத்துக்குச் சம்பளத்தோடு. பிரசவமான வீட்டுக்குக் கைவேலைக்கு அனுப்ப உங்களிடம் ஆள் இல்லையென்றால் அந்த லைன் வீட்டிலேயே பெரியம்மா ஒருவர் இருப்பார், அவருக்கு ஒரு மாதத்துக்குக் கூலி கொடுங்கள். தண்ணீர் பிடிக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் அந்தப் பெண் நம்பும் ஆள் அவர்தான்.

உங்கள் நாலு கட்டடங்களில் வேலைக்கு வருபவர்களில் யாராவது இப்போது ஆறேழு மாதத்தில் இருக்கிறார்களா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இருந்தால் சந்திப்பு, வாட்ஸ்ஆப் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் வேலை செய்யும் வீடுகளைக் கூப்பிட்டுச் சம்பளக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். சங்கக் கூட்டத்தில் வைக்கத் தீர்மானத்தின் மாதிரி வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், தமிழிலும் கன்னடத்திலும் எழுதித் தருகிறேன்.